நண்பர் வீட்டுக்குப் போகும் முன் மட்டக்களப்பை அறிந்துகொள்வது எப்படி?

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதியில் ஒன்றாகப் படித்தவர்கள், வளைகுடா நாட்டில் ஒரே அறையில் தங்கி வேலை செய்தவர்கள் எனப் பழைய நட்பைத் தேடிக் கடல் கடந்து மட்டக்களப்புக்கு வருபவர்கள் இப்போது ஆங்காங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவன் எழுதும் வழிகாட்டி இது. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நண்பரைச் சந்திக்கும் நாளுக்கு இரண்டு முழு நாள்கள் முன்பாகவே வந்து, நகரில் ஒரு விடுதியில் தங்கி, ஊரை உங்கள் கால்களால் நடந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போங்கள்.

மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டி வைத்துவிடுவார்கள் என்று இலங்கை முழுவதும் சொல்வதுண்டு. விருந்தினர் வீட்டுக்குள் கால் வைத்த நேரம் முதல் சாப்பாடும், உறவினர் வருகையும், அடுத்த வீட்டு அழைப்புமாக நாள்கள் போய்விடும். நீங்கள் தனியே வெளியே போக எழுந்தால் நண்பரோ அவருடைய பிள்ளைகளோ வேலையை விட்டுவிட்டுக் கூடவே புறப்படுவார்கள். ஊர் சுற்றுவதை முன்னரே முடித்துவிட்டால், நண்பரோடு இருக்கும் நேரம் முழுவதும் பேச்சுக்கே கிடைக்கும். அதைவிட முக்கியமான பயன், அவர் பேச்சில் வரும் எழுவான்கரை, படுவான்கரை, முகத்துவாரம், துறை, பாதை ஆகியவை எல்லாம் நீங்கள் கண்ணால் கண்ட இடங்களாக இருக்கும் என்பதாகும்.

முதற்படி: நண்பருக்குச் சொல்வதும் அவரிடம் கேட்பதும்

முன்கூட்டியே வரும் செய்தியை நண்பருக்கு மறைக்க வேண்டாம். ஊருக்கு வந்து விடுதியில் தங்கினார் என்று பிறர் வாயால் கேட்டால் இங்கே எவருக்கும் மனம் நோகும். "இன்ன நாள் காலையில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், அதற்கு முன் இரண்டு நாள் நகரைத் தனியாகச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறேன்" என்று தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் மறுப்பார், சண்டையும் பிடிப்பார். நாளை மாற்றாமல் இரண்டு முறை அன்பாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

அதே பேச்சில் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பது. மட்டக்களப்புத் தமிழரிடையே வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும். திருமணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய் வாழ்வதே நெடுநாள் வழக்கம். ஆகவே, கல்லூரிக் காலத்தில் உங்கள் நாட்குறிப்பில் எழுதிக்கொண்ட முகவரி அவருடைய தாயின் வீட்டு முகவரியாக இருக்கும். இன்று அங்கே அவருடைய சகோதரி குடும்பம் இருக்கக்கூடும். அவரோ வாவிக்கு, அதாவது கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் எங்கள் நீர்நிலைக்கு, அந்தப் பக்கத்தில் மனைவியின் ஊரில் இருக்கக்கூடும். பழைய முகவரியை நம்பிப் புறப்பட்டு, ஆள் மாறிய வாசலில் நிற்பதைத் தவிர்க்க இந்த ஒரு கேள்வி போதும்.

இரண்டாவது, அவருடைய ஊரில் அந்த நாள்களில் கோயில் சடங்கு உண்டா என்பது. வைகாசி மாதத்தில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, நாள்கணக்கில் சடங்கு நடந்து, குளிர்த்தியோடு நிறைவுபெறும். அந்த நாள்களில் ஊர் முழுவதும் மரக்கறிச் சாப்பாடு, வீடு கழுவித் துப்புரவு, இரவு விழிப்பு என்று இருக்கும். மதுரையை எரித்த கண்ணகியை ஊர்த்தெய்வமாக வைத்துக் குளிர்விக்கும் இந்தச் சடங்கைக் காண்பது தமிழ்நாட்டவருக்கு அரிய வாய்ப்பு என்பதால், முடிந்தால் அந்த நாளையே தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வேன். ஆனால் நண்பரோடு உட்கார்ந்து பேச மட்டுமே வருபவர் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. இதைக் கூச்சமின்றி, ஆனால் மெதுவாகக் கேட்க வேண்டும். 1978 நவம்பரில் வந்த சூறாவளி, பல ஆண்டு நீடித்த போர், 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி ஆகியவை தொடாத குடும்பம் இந்தக் கரையோரத்தில் அரிது. முன் விறாந்தையில் மாலை போட்ட படத்தைப் பார்த்து, "தம்பி இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டுவிடும் நிலை விருந்தினருக்கும் வேண்டாம், வீட்டாருக்கும் வேண்டாம்.

இரண்டாம் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

மட்டக்களப்பின் மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை வாவி நிரம்பி வழிந்து, அதற்கு மேற்கேயுள்ள படுவான்கரை வீதிகள் சில இடங்களில் நீருக்குள் போவதும், புகையிரதப் பாதையில் தடை ஏற்படுவதும் உண்டு. மார்ச் முதல் செப்டம்பர் வரையான காலம் பயணத்துக்கு ஏற்றது. ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில் கச்சான் காற்று என்று நாங்கள் சொல்லும் வறண்ட வெப்பக் காற்று நிலப்பக்கமிருந்து வீசும். உதடு வெடிக்கும், நண்பகலில் நடக்க முடியாது. வெயிலைத் தாங்காதவர்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருவது மேல்.

ஒவ்வொரு மாதமும் பூரணை நாள் இலங்கையில் போயா விடுமுறை. மதுக்கடைகளும் இறைச்சிக் கடைகளும் அன்று பூட்டியிருக்கும். அதை ஒட்டிவரும் நாள்களில் பஸ்களிலும் புகையிரதத்திலும் கூட்டம் அதிகம். ஆயினும் பூரணை இரவுக்கு இந்த ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு. அதைக் கல்லடியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: வந்து சேர்தல்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இலங்கை அரசின் இணையத்தளத்தில் பயண அனுமதியை முன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும். இடைத்தரகர் தளங்கள் பல இருப்பதால் அரச தளந்தானா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சென்னையிலிருந்து கொழும்புக்கு அண்மையிலுள்ள கட்டுநாயக்காவுக்கு விமானத்தில் வந்து, விமான நிலையத்திலேயே பணத்தை மாற்றிக்கொண்டு, ஒரு சிம் அட்டையும் வாங்கிவிடுவது வசதி. மட்டக்களப்பில் இந்திய ரூபாயை எந்தக் கடையிலும் வாங்கமாட்டார்கள்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வீதியால் சுமார் 315 கிலோமீற்றர். பஸ் பல உண்டு என்றாலும், முதல்முறை வருபவருக்கு நான் புகையிரதத்தையே சொல்வேன். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் உதயதேவி, இரவில் புறப்படும் பாடுமீன் என்ற இரண்டும் எங்கள் ஊரோடு பிரிக்க முடியாத பெயர்கள். நேர அட்டவணை மாறக்கூடியது என்பதால் புறப்படும் வாரத்தில் உறுதி செய்து, ஆசனத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். பகல் வண்டியில் வந்தால், கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதை பிரிந்துபோவதையும், பொலன்னறுவையைத் தாண்டி மன்னம்பிட்டியில் மகாவலி கங்கையைக் கடப்பதையும், புனானைக் காடுகள் முடிந்து வாழைச்சேனைக்கு அண்மையில் பனையும் தென்னையும் தொடங்குவதையும் பார்க்கலாம். நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் எங்கள் ஊர்களின் பெயர்கள் வரிசையாக வரத் தொடங்கும்போது பயணம் முடியப்போகிறது என்று கொள்ளுங்கள். பாதையின் கடைசி நிலையம் மட்டக்களப்பு. இறங்கத் தவறிவிடுவோமோ என்ற கவலை வேண்டாம்.

நிலையத்துக்கு வெளியே முச்சக்கரவண்டிகள் நிற்கும். "எவடத்துக்குத் தம்பி போகணும்?" என்று சாரதி கேட்டால், இடத்தைச் சொல்லி, ஏறும் முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். வயதில் மூத்த சாரதியை "அண்ணன்" என்றும், முதியவரை "ஐயா" என்றும் அழையுங்கள். தமிழ்நாட்டுப் பேச்சு கேட்டதும் எந்த ஊர், என்ன அலுவல் என்று விசாரிப்பார்கள். பொழுதுபோக்காகக் கேட்பதாக எண்ணிச் சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டாம். நண்பரின் ஊரைச் சொன்னால், அந்த ஊரில் அவருக்கும் ஓர் உறவு இருப்பதாக அடுத்த வாக்கியத்தில் சொல்லக்கூடும்.

நான்காம் படி: ஊரின் கிடக்கையைப் புரிந்துகொள்ளுதல்

மட்டக்களப்பில் வழி தவறுபவர்கள் பெரும்பாலும் நீரைப் புரிந்துகொள்ளாதவர்களே. ஆகவே விடுதியில் பையை வைத்தவுடன் ஒரு தாளில் இதை வரைந்து பாருங்கள்.

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை, கடற்கரைக்குச் சமாந்தரமாகச் சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கேயுள்ள அகன்ற வயல் நிலம் படுவான்கரை. சூரியன் படும் பக்கம். எழுவான்கரையில் மீன்பிடி, தோட்டம், வணிகம், பாடசாலைகள், நெருக்கமான வீடுகள் உள்ளன. படுவான்கரையில் நெல், எருமை, குளங்கள், பெருங்கோயில்கள் உள்ளன. ஒரே குடும்பத்துக்கு இந்தக் கரையில் வீடும் அந்தக் கரையில் வயலும் இருப்பது சாதாரணம்.

நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவு வாவிக்குள் இருக்கும் ஒரு தீவு. அதற்கு வடக்கே, பாலத்துக்கு அப்பால், கோட்டைமுனை. புகையிரத நிலையமும் திருகோணமலை வீதியும் அந்தப் பக்கத்தில். கிழக்கே கல்லடிப் பாலத்தைக் கடந்தால் கல்லடி, அதற்கு அப்பால் கடல். இவ்வளவும் மனதில் பதிந்தால் போதும். "பாலத்தடியில் திரும்பி", "முகத்துவாரப் பக்கம் போய்" என்று யார் வழி சொன்னாலும் விளங்கும். தங்குவதற்குக் கல்லடியோ புளியந்தீவோ ஏற்றது. கடற்காற்று வேண்டுமென்றால் கல்லடியைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் படி: முதல் நாள் காலை, புளியந்தீவு நடை

காலை ஆறரைக்கே புறப்படுங்கள். தீவு சிறியது, கோட்டைமுனைப் பாலத்தில் தொடங்கி நிதானமாகச் சுற்றினாலும் நண்பகலுக்கு முன் முடித்துவிடலாம்.

வாவிக்கரையில் காந்தி பூங்காவும் அதன் அருகில் மட்டக்களப்பு வாயில் எனப்படும் பழைய இறங்குதுறையும் இருக்கின்றன. வீதிகள் இல்லாத காலத்தில் நகரத்துக்குள் வந்தவர்கள் தோணியில் வந்து இறங்கிய இடம் இது. 1814-ஆம் ஆண்டு மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் இங்கே வந்திறங்கினார். ஓராண்டுக்குள் நோயால் இறந்துவிட்டார். ஆனால் அந்தச் சிறிய காலத்துக்குள் அவர் இட்ட அத்திவாரம் இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. அதே தீவில் 1873-இல் தொடங்கிய புனித மைக்கேல் கல்லூரியும் உண்டு. உங்கள் நண்பர் இந்த இரண்டில் ஒன்றில் படித்தவராக இருந்தால், அவருடைய பாடசாலை வாயிலில் நின்று ஒரு படம் எடுத்துவையுங்கள். இரண்டு பாடசாலைகளின் பழைய மாணவர்களுக்கும் அது பெரிய மரியாதை.

அங்கிருந்து கோட்டைக்கு நடக்கும் தூரந்தான். போர்த்துக்கேயர் 1628-இல் கட்டிய இந்தக் கோட்டையை, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஒல்லாந்தர் 1638 மே மாதத்தில் கைப்பற்றினார்கள். இலங்கையில் அவர்கள் கையில் விழுந்த முதற்கோட்டை இதுவே. நான்கு மூலைக் கொத்தளங்களும், இரண்டு பக்கம் வாவியும், மற்ற இரண்டு பக்கம் அகழியும் கொண்ட சிறிய கட்டடம். அதனுள்ளே நெடுங்காலம் கச்சேரி எனப்படும் மாவட்ட அரச அலுவலகம் இயங்கியதால், இந்த மாவட்டத்தில் காணி உறுதிக்காகவோ ஓய்வூதியத்துக்காகவோ அந்த வாயிலைக் கடக்காத குடும்பத்தைக் காண்பது கடினம். மதிலின் மேல் நின்று வாவியைப் பார்க்கும் இடத்தில் கொஞ்ச நேரம் இருங்கள். பீரங்கிகள் நோக்கும் திசையைக் கவனித்தால், அந்தக் காலத்தில் இந்த ஊருக்கு நண்பரும் பகைவரும் நீர்வழியாகவே வந்தார்கள் என்பது தானாகத் தெரியும்.

ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயிலும் புனித மரியாள் பேராலயமும் அதே நடையில் வந்துவிடும். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். நகரிலுள்ள சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்பில் சிறுவர்கள் பலர் உட்பட மக்கள் இறந்தார்கள். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அமைதியாகக் கடந்து செல்லுங்கள்.

ஆறாம் படி: கல்லடியும் முகத்துவாரமும்

வெயில் தாழ்ந்தபின் கல்லடிக்குப் போங்கள். பழைய இரும்புப் பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. அக்கால ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம் என்பது அதன் ஏட்டுப் பெயர். எங்களுக்கு அது என்றும் கல்லடிப் பாலந்தான். 2013-இல் பக்கத்திலேயே அகன்ற புதிய பாலம் வந்துவிட்டதால், பழைய பாலத்தில் இப்போது நின்று நிதானமாக வேடிக்கை பார்க்க முடிகிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் கீழே தோணிகள் வரும். ஒருவர் பின்னால் இருந்து மரக்கோலால் தோணியை நிலைநிறுத்த, மற்றவர் முன்னணியத்தில் எழுந்து நின்று, வீச்சுவலையின் ஒரு மடிப்பைத் தோளிலும் ஒரு நுனியைப் பல்லிலும் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி வீசுவார். வலை வட்டமாக விரிந்து விழும்; ஈயக்குண்டுகள் நீரைத் தொடும் ஓசை பாலத்தின் மேல்வரை கேட்கும்.

மட்டக்களப்பு நாட்டை மீன்பாடும் தேனாடு என்பார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான அமைதிக் காலத்தில், பூரணை இரவுகளில், இந்தப் பாலத்தை அண்டிய நீரின் அடியிலிருந்து ஒருவகை இசையோசை எழுகிறது. தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பதே பழைய முறை. புனித மைக்கேல் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைக் குரு லாங் 1950-களில் இதை ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலியும் ஒலிபரப்பியது. மீனின் ஓசை என்பாரும் உண்டு, நீரடிச் சிப்பிகளின் ஓசை என்பாரும் உண்டு. கேட்க விரும்பினால் இரவு பத்து மணிக்குப் பிறகு, வாகன இரைச்சல் அடங்கியபின், அனுபவமுள்ள தோணிக்காரரோடு மட்டும் போங்கள். பாலத்தின் மேல் நின்று கேட்டுவிடலாம் என்று எண்ணி வருபவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவார்கள்.

கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர் இதைத் தவறவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1892-இல் தெற்கே காரைதீவில் பிறந்தவர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், பின்னர் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தவர். மறைந்துபோன யாழின் இசையை ஆராய்ந்து யாழ்நூலை எழுதி, அது அரங்கேறிய அதே 1947-இல் காலமானவர். அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். பாடசாலைச் சூழல் என்பதால் பாடவேளையில் அனுமதி கேட்டு உள்ளே போவது முறை.

கல்லடிக் கடற்கரை மாலையில் குடும்பங்களால் நிறையும். அங்குள்ள திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சுனாமியில் சாய்ந்தது. அதற்கு வடக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மெல்லிய நிலமான நாவலடியில் மிகப் பலர் இறந்தார்கள், நினைவுத்தூபி இருக்கிறது. இந்தக் கடலில் குளிக்க வேண்டாம். அலையின் அடியில் இழுவை பலமாக இருக்கும். நீந்த ஆசை இருந்தால் வடக்கே சுமார் 35 கிலோமீற்றரிலுள்ள பாசிக்குடாவில் நெடுந்தூரம் இடுப்பளவு நீரே இருக்கும். அதற்கு நண்பரின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பின்னொரு நாள் போகலாம். நேரம் மிஞ்சினால், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு அண்மையில், பாலமீன்மடுவில் 1913-இல் கட்டிய வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். போகும் வழியில் அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் ஆலயம்; ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாவட்டமே அந்தக் குளக்கரையில் கூடும்.

ஏழாம் படி: இரண்டாம் நாள், தெற்கு வீதியும் படுவான்கரையும்

கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி இடப்பக்க யன்னலோரம் உட்காருங்கள். காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் இடைவெளியின்றி வரும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்திருப்பதே இந்த வீதியின் இயல்பு. மாவட்ட எல்லை தாண்டி அம்பாறைக் கரையோரத்திலும் அப்படியே. முதலில் காத்தான்குடியில் இறங்கிப் பாருங்கள். நடுவீதியில் பேரீச்ச மரங்கள், இருபுறமும் புடவைக் கடைகளும் நகைக் கடைகளும், சில நூறு அடிக்கு ஒரு பள்ளிவாசல். ஊரின் வரலாற்றைச் சொல்லும் நூதனசாலையும் உண்டு. 1990 ஓகஸ்டில் தொழுகை வேளையில் பள்ளிவாசல்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட ஊர் இது என்பதையும் அறிந்துகொண்டு நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் திறவா. கடைக்காரர் மூத்தவரானால், அண்ணன் என்ற பொருளில், "காக்கா" என்று அழைப்பது இங்கே மரியாதையான வழக்கம்.

அடுத்து வாவியைக் கடக்க வேண்டும். மண்முனையில் 2014-இல் பாலம் வந்துவிட்டதால், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கு வண்டியில் நேரே போகலாம். போர்த்துக்கேயர் காலத்தில் கல்நந்தி எழுந்து புல்லைத் தின்றது என்ற ஐதீகம் அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். பாலத்தால் போய், திரும்பும்போது பாதையால் வருமாறு நான் பரிந்துரைப்பேன். பாதை என்பது மனிதரையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான படகு. அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்கும், இன்னும் தெற்கே மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கும் இது ஓடுகிறது. கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்பதைத் துறையில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். வயலுக்குப் போய் வருபவர், சீருடைப் பிள்ளைகள், மறுகரையில் மருந்து வாங்கப் போகும் அம்மா என்று எல்லோரும் தோளோடு தோள் நிற்க, ஓரத்தில் கண்டல் மரங்கள் மெல்லப் பின்னே போகும். இந்த மக்களின் அன்றாடத்தை இவ்வளவு அருகில் காட்டும் வேறோர் இடத்தை நான் அறியேன்.

சாப்பாட்டைப் பற்றி ஓரிரு சொல். வாவி இறாலும் நண்டும் இங்கே பெயர்பெற்றவை. காலையில் இடியப்பமும் சொதியும், அல்லது புட்டும் மீன்குழம்பும் கேளுங்கள். குழம்பின் உறைப்பு தமிழ்நாட்டு நாக்குக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கும். படுவான்கரை எருமைத் தயிரை மண்சட்டியோடு வீதியோரங்களில் விற்பார்கள். சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாதிருப்பதே நல்ல தயிருக்கு அடையாளம். தேநீரைத் தேத்தண்ணி என்றே கேளுங்கள். பால் வேண்டுமென்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வெறுந்தேத்தண்ணி வரும். அவசரத் தேவைக்கு இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990, பொலிஸ் எண் 119.

எட்டாம் படி: நண்பர் வீட்டுக்குப் போதல்

மூன்றாம் நாள் காலை, புறப்படும் முன் தொலைபேசியில் அழைத்து, இறங்க வேண்டிய சந்தியையும் அதற்கு அருகிலுள்ள கோயிலையோ பாடசாலையையோ கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இலக்கத்தைவிட நண்பரின் பெயரும் அவருடைய மாமனாரின் பெயரும் வழி காட்டும். அவர் சந்தியில் வந்து காத்திருப்பார் என்பதால் சொன்ன நேரத்துக்குச் சேர்வது அவசியம்.

வெறுங்கையோடு போகும் வழக்கம் இங்கே இல்லை. பழமும் பிஸ்கட்டும் போதும். தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவருவதானால், நண்பரின் தாய்க்கோ மாமிக்கோ ஒரு பருத்திச் சேலை எல்லாவற்றிலும் மேல். அதை வீட்டின் மூத்த பெண்ணின் கையில் கொடுங்கள். வீடு அவர்களுடையது. வாசலில் செருப்பைக் கழற்றி, தண்ணீர் தந்தால் ஒரு மிடறாவது குடித்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள். நண்பரை "மச்சான்" என்று அழைத்துப் பழகியிருந்தாலும், அவருடைய மாமனார் முன்னிலையில் முதல் நாள் கொஞ்சம் அடக்கத்தோடு பேசுவது நல்லது. அவருடைய மனைவி வயதில் மூத்தவர் என்றால் அக்கா, இளையவர் என்றால் தங்கச்சி.

பழைய கதைகளை அவரே தொடங்கட்டும். நீங்கள் பிரிந்திருந்த ஆண்டுகளில் அவர் எதைக் கடந்தார் என்பதைக் கேள்வியாகக் கேட்பதைவிட, நாவலடியில் தூபியைப் பார்த்தேன், அம்பிளாந்துறைப் பாதையில் வந்தேன் என்று நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். சொல்ல விருப்பமுள்ளதை அவர் அதிலிருந்து எடுத்துக்கொள்வார், விருப்பமில்லாததை விட்டுவிடுவார்.

திரும்பும் நாளையும் முதல் நாளிலேயே, சீட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். புகையிரத ஆசனத்தை முன்பதிவு செய்திருந்தால், "இன்னும் இரண்டு நாள் நில்லுங்க" என்ற வற்புறுத்தலுக்கு அதுவே பதில். முடியுமானால் இரவு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். நண்பர் வேலை முடித்து, குடும்பத்தோடு நிலையம் வரை வர அது வசதி. வழிக்கென்று கட்டித் தரும் சாப்பாட்டுப் பொதிக்கும், மரமுந்திரிப் பருப்புப் பைக்கும் பெட்டியில் முன்னரே இடம் விட்டு வையுங்கள். வேண்டாம் என்று சொன்னால் எவரும் கேட்கப்போவதில்லை.